போலோ 1.0 டிஎஸ்ஐ: நம்ம ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் எந்த ஏர் இன்டேக்?

பாளை_டர்போ:
அண்ணாச்சிமாரே, வண்டி 2021 ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), மேனுவல். கம்பெனி கணக்கில் 110 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். ஈசியூவில் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரில்) இதுவரை கை வைக்கவில்லை. வேலை வள்ளியூரில், அதனால் தினமும் நாலுவழிச்சாலை ஓட்டம். லீவு நாளில் திசையன்விளை பக்கம் அம்மா ஊருக்குப் போவேன், அங்கே கடைசிக் கொஞ்ச தூரம் தேரி (செம்மணல் மேட்டு) மண் பாதை. வண்ணார்பேட்டை நெரிசலில் நின்று புறப்படும்போது வண்டி சோம்பலாக நகர்கிறது. கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டுத் திறந்த கோன் (கூம்பு வடிவ) ஃபில்டர் போட்டால் 10 குதிரைசக்தி கூடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? இல்லை, பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு உள்ளே எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் மட்டும் மாற்றலாமா? கையில் 15 ஆயிரம் இருக்கிறது.

குத்தாலச்_சாரல்:
சத்தத்துக்காகவே கோன் போடலாம் மக்கா. டர்போ காற்றை இழுப்பதும் விடுவதும் காதுக்குள் கேட்கும். குதிரைசக்தி எல்லாம் யார் எண்ணப் போகிறார்கள்?

தச்சநல்லூர்_பட்டறை:
சத்தம் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள் தம்பி, அது உங்கள் ஆசை. ஆனால் நீங்கள் சொன்ன குறை வேறு. இந்த எஞ்சினுக்கு முழு டார்க், அதாவது சுழற்றும் பலம், 1,750 ஆர்பிஎம்மில்தான் வருகிறது. நின்று எடுக்கும்போது நீங்கள் இருப்பது அதற்குக் கீழே, ஏசி வேறு ஓடுகிறது. அந்த வேகத்தில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதை அடைக்கிற அளவுக்கு எந்த நல்ல ஃபில்டரும் அடைக்காது. முழுசாக மிதிக்கும்போதுதான் கதை மாறும், 110 குதிரைக்கு நிமிடத்துக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும்.

அங்கேயும் ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் இருக்கிறதல்லவா, அதுதான் எங்கள் கருவி. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் ஒரு முனையைச் சேர்த்து, மற்ற முனையைத் திறந்து விட்டு, நடுவே யூ மாதிரி வளைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். இரண்டு பக்கமும் ஒரு மீட்டராவது உயரம் விடவேண்டும், இல்லையென்றால் தண்ணீர் டர்போவுக்குள் போய்விடும். நாங்குநேரி தாண்டிக் காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் முழுசாக மிதிக்க, பக்கத்து சீட்டுக்காரர் டியூபைப் பார்த்துக்கொண்டிருப்பார். வளிமண்டல அழுத்தம் என்பது சுமார் 10 மீட்டர் தண்ணீர். இரண்டு பக்கத்துக்கும் 20 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால்கூட இழப்பு 2 சதவீதம்தான். டர்போ வண்டியில் ஈசியூ அதையும் பூஸ்ட் (டர்போ கொடுக்கும் காற்றழுத்தம்) கொஞ்சம் ஏற்றிச் சரிக்கட்டிவிடும். பத்துக் குதிரை எங்கிருந்து வரும்?

சூடுதான் பெரிய திருடன். கம்பெனி பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. மூடியில்லாத கோன் பானட்டுக்குள் இருக்கும் காற்றைக் குடிக்கும். 35 டிகிரிக் காற்று 65 டிகிரி ஆனால் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். டர்போவுக்குப் பின்னால் இருக்கும் இன்டர்கூலர் ஓரளவு ஆற்றும், ஆனாலும் நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க ஈசியூ இக்னிஷனை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். அக்கினி நட்சத்திரத்தில் வண்ணார்பேட்டையில் நின்றால் இப்போதிருப்பதைவிட இன்னும் மந்தமாகத்தான் புறப்படும்.

அப்புறம் தேரி. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அந்தச் செம்மண் மாவாகப் பறக்கும். அதில் உள்ளது குவார்ட்ஸ் மணல், டர்போவின் அலுமினிய இறக்கையைவிடக் கெட்டி. உடன்குடிப் பக்கத்திலிருந்து கோன் போட்ட வண்டி ஒன்று வந்தது. கிளாம்ப் சரியாக உட்காரவில்லை. வெள்ளை வேட்டித்துணியை விரலில் சுற்றி ஃபில்டருக்குப் பின்னால் குழாயைத் துடைத்தேன், குங்குமம் தொட்டதுபோல வந்தது. கம்ப்ரசர் இறக்கையின் ஓரம் விரல் நகத்துக்குச் சொரசொரவென்று தட்டியது. டர்போ விலை விசாரித்துவிட்டு அந்தத் தம்பி அப்புறம் பேசவே இல்லை.

நாலுவழிச்சாலை_72:
பட்டறை அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் பஞ்சு ஃபில்டரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். நெடுஞ்சாலை மட்டும் ஓடுகிறவர்களுக்குக் கழுவிக் கழுவிப் போடலாம், அதுதான் லாபம். எண்ணெயை அளவாகத் தடவவேண்டும், கூடிப்போனால் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டிகளில் அதன் கம்பியில் படியும்.

தச்சநல்லூர்_பட்டறை:
உண்மைதான். இந்த போலோவில் அந்தச் சென்சார் இல்லை, பிரஷர் சென்சார்தான், அதனால் எண்ணெய்ப் பயம் குறைவு. ஆனால் நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் காகிதம்தான் கெட்டி. திசையன்விளைக்குப் போகிறவருக்கு நான் பஞ்சு போடமாட்டேன்.

பாளை_டர்போ:
அப்போ 15 ஆயிரத்தை என்ன செய்ய?

தச்சநல்லூர்_பட்டறை:
முதலில் ஒரு ஓபிடி ரீடர் (ஈசியூவில் ஓடும் கணக்கைப் படித்துக் காட்டும் கருவி) வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இன்டேக் காற்றின் சூட்டை ஓடும்போதும் பார்த்து, சிக்னலில் நிற்கும்போதும் பாருங்கள். பாக்ஸ் மூடியின் ரப்பர் வளையம் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, முன்பக்கக் குழாய் கழன்று தொங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். சர்வீஸில் அவசரமாக மாட்டி அப்படியே அனுப்பிய வண்டிகள் எத்தனையோ வருகின்றன. கம்பெனிக் காகித ஃபில்டரைச் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்துவிடலாம். நெரிசலில் முதல் கியரை இன்னும் கொஞ்சம் இழுத்து, இரண்டாவதில் 1,750க்குக் கீழே விழாமல் மாற்றிப் பாருங்கள். மீதிப் பணம் கையிலேயே இருக்கட்டும். பின்னால் ரீமேப் (ஈசியூ புரோகிராமை மாற்றுவது) செய்ய நினைத்தால் கம்பெனி பாக்ஸை வைத்தே முதல் ஸ்டேஜ் ஓடும். ஞாயிறு காலையில் வந்தால் டியூப் வைத்துக் காட்டுகிறேன், பக்கத்து சீட்டில் உட்கார ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.