எம்.டெக் ஐ.டி. சேர ஆசை, கேட் நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். பி.டெக் ஐ.டி. முடித்துவிட்டு கோவையில் சப்போர்ட் வேலையில் இருக்கிறேன். எம்.டெக் படித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தாகிவிட்டது, வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள், ஆனால் செலவுக்கு அவர்களிடம் கை நீட்ட மனசில்லை. கேட் தகுதியோடு முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது, அதை நம்பித்தான் வேலையை விடவே யோசிக்கிறேன்.

கேட் பாடங்களில் டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் வேலையிலேயே பழகியவை, பயமில்லை. ஆப்டிட்யூடுக்கு 15 மதிப்பெண், அதையும் பார்த்துக்கொள்ளலாம். கணினியால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்று பார்க்கும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்தான் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. கொடுத்த மொழி, அதாவது எழுத்துச் சரங்களின் தொகுப்பு, ரெகுலரா (எளிய ஃபைனைட் ஆட்டோமேட்டா இயந்திரத்தால் அடையாளம் காணக்கூடியதா) இல்லையா என்று கேட்டால், ரெகுலர் இல்லை என்று நிரூபிக்க உதவும் பம்பிங் லெம்மாவுக்கு எந்தச் சரத்தை எடுப்பது என்றே தெரியாமல் பேனாவை வைத்துவிடுகிறேன். இதைத் தமிழில் பொறுமையாக விளக்கும் வீடியோவோ கையெழுத்து நோட்ஸோ யாரிடமாவது இருக்கிறதா?

நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படித்தவர்கள் எந்த நேரத்தில் படித்தீர்கள்? அப்புறம், உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா, இல்லை தாமதமாகிச் சேர்ந்து வருகிறதா? முதல் செமஸ்டர் விடுதிக் கட்டணத்துக்கு எவ்வளவு கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.