நங்கநல்லூரில் சாய்ந்து நிற்கும் மயில்கொன்றையை அகற்ற உதவி தேவை

வணக்கம். நங்கநல்லூரில் எங்கள் வீட்டின் பின்புறம் நிற்கும், சுமார் 40 அடி உயரமுள்ள மயில்கொன்றை (குல்மோகர்) மரம் கடந்த அக்டோபர் மழைக்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தகரக் கூரையின் பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது. அடிமரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காளான் படர்ந்துள்ளது. தட்டினால் வெற்றுப் பானையைப் போல ஒலிக்கிறது. சாய்வுக்கு எதிர்ப்புறம் மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. மேலோட்டமான வேர்களும் எளிதில் முறியும் கிளைகளும் கொண்ட இவ்வகை மரங்கள் 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது விழுந்ததை நேரில் பார்த்தவள் என்பதால், இதை இனியும் விட்டுவைக்க எனக்கு மனம் துணியவில்லை.

வெட்டுவதற்கு மனு கொடுத்து, எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றுவிட்டேன். மரம் வெட்டும் மூவரை அழைத்துக் காட்டினேன். முதலாமவர் அடியோடு அறுத்துச் சாய்த்துவிடலாம் என்றார். விழ இடமே இல்லை. அடுத்தவர் கயிற்றோடு பாதி தூரம் ஏறி, கிளை பிரியும் கவைக்குக் கீழே பொந்து இருப்பதைக் கண்டதும் இறங்கிவிட்டார். அவர் செய்ததே சரி. மூன்றாமவர் கிரேன் வேண்டும் என்றார். எங்கள் சந்தின் அகலமோ 6 அடிதான்.

ஆள் ஏறவும் முடியாத, கிரேனும் நுழையாத இடத்தில் இத்தகைய மரத்தைத் துண்டு துண்டாகப் பாதுகாப்பாக இறக்கிய அனுபவமுள்ள குழுவைச் சென்னையில் யாரேனும் அறிவீர்களா?