பாகூர் தாத்தா வீடு

சுமதி அக்கா: ஞாயிறு திருவந்திபுரத்தில் குட்டிக்கு மொட்டை, காதுகுத்து. முத்தியால்பேட்டையில் இருந்து வேன், காலை 5 மணி. யார் யார் வேனில்? கார்த்திக், தாய்மாமன் கம்மல் வாங்கியாச்சா?

பெரியம்மா: நான், பெரியப்பா

ரவி சித்தப்பா: நான் பஸ்ஸில் வந்துக்கறேன்

சுமதி அக்கா: ஏன் சித்தப்பா??

ரவி சித்தப்பா: பார்த்தும் பார்க்காத மாதிரிப் போறவங்களோட ஒரே வேனில் எப்படி வர்றது. சண்டே மார்க்கெட், காந்தி வீதி. கை காட்டறேன். நேரா என் மூஞ்சியைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க.

கலா அத்தை: யாரு, நானா?

கலா அத்தை: நான் எங்கடா உன்னைப் பார்த்தேன்

கார்த்திக்: சித்தப்பா, இது நடக்கும். 1999ல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்று இரண்டு பேர் ஒரு வீடியோ காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருத்தர் வந்து, நெஞ்சில் தட்டிக்கொண்டு போவார். பாதிப் பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

பெரியம்மா: கொரில்லாவா

ரவி சித்தப்பா: அது சும்மா பார்க்கிறவன். நான் கூடப்பிறந்தவன்.

கார்த்திக்: சும்மா பார்க்கிறவர் மட்டும் இல்லை. 2013ல் 24 ரேடியாலஜி டாக்டர்களிடம் நுரையீரல் ஸ்கேன் கொடுத்துக் கட்டியைத் தேடச் சொன்னார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லாவை ஒளித்து வைத்திருந்தார்கள். 20 பேர் கவனிக்கவே இல்லை. கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தால், தவறவிட்டவர்களில் பாதிக்கு மேல் கொரில்லா மேலேயே கண்ணை வைத்திருக்கிறார்கள். கண் பார்த்தது, புத்தி வேறு வேலையில் இருந்தது. அத்தை அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கலா அத்தை: நைட்டி. 250 சொன்னான், 180க்குக் கேட்டுட்டு இருந்தேன்

பெரியம்மா: எந்தக் கடை கலா? காட்டனா?

ரவி சித்தப்பா: கண்ணை விடு. காது? அக்கா அக்கான்னு கத்தினேனே.

கார்த்திக்: அதற்கும் சோதனை இருக்கு. 1959ல் மோரே என்ற உளவியல் ஆய்வாளர் செய்தது. ஹெட்போனில் ஒரு காதில் வருவதை அப்படியே திருப்பிச் சொல்லணும். மறு காதில் என்ன ஓடியது என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் காதில் சொந்தப் பெயர் வந்தால், சுமார் மூன்றில் ஒருவர் பிடித்துவிடுகிறார். அப்படியென்றால் நமக்குத் தெரியாமலே மனசு கொஞ்சம் கேட்டுக்கொண்டுதான் இருக்கு. சண்டே மார்க்கெட்டில் ஒவ்வொரு கடைக்காரனும் அக்கா அக்கா என்றுதான் கத்துவான். நீங்கள் கலா என்று கூப்பிட்டிருக்கணும்.

பெரியம்மா: அக்காவைப் பேர் சொல்லியா? நல்லாப் படிச்ச போ

ரவி சித்தப்பா: பேர் சொன்னாலும் மூணில் ரெண்டு பேருக்குக் கேட்காதுன்னு நீயே சொல்ற

கலா அத்தை: அதான்

ரவி சித்தப்பா: கொல்லைப் பங்கு பேசினப்பவும் இதே காதுதான் கேட்கலை

கலா அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியம்மா: தம்பி, அது இங்கே வேண்டாம். கலா, கடை சொல்லு

சுமதி அக்கா: சித்தப்பா வேனா பஸ்ஸா? கார்த்திக் கம்மல்???

ரவி சித்தப்பா: கன்னியக்கோயில் ஸ்டாப்பில் நிற்பேன். ஏத்திக்கிறதுன்னா ஏத்திக்கோங்க.

கலா அத்தை: முன் சீட் எனக்கு. வாந்தி வரும்

கார்த்திக்: ஒன்று விட்டுப்போச்சு. ஆன் டிரீஸ்மன் என்ற உளவியல் ஆய்வாளர் சொன்னது, கவனிக்காத பேச்சு முழுசாக அடைபடுவதில்லை, சத்தம்தான் குறைகிறது என்று. பெயர் மாதிரி முக்கியமானது அந்தச் சத்தத்திலும் உள்ளே வந்துவிடும்.

சுமதி அக்கா: கார்த்திக்

சுமதி அக்கா: கார்த்திக்!!!

மணி மாமா: வேன் எந்த ஞாயிறு?