அடுத்த தொற்று வந்தால் ஓபியை போனுக்கு மாற்றலாமா?

வைகைக்கரை:
சுகர், பிரஷருக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களை முதல் நாளே போன் ஓபிக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறேன். 2020 ஜூன் 24-லிருந்து மதுரையில் முழு ஊரடங்கு. ஆனால் வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் மத்திய அரசின் இ-சஞ்சீவனி ஓபி ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஓடிபி போட்டு டோக்கன் எடுத்தால் டாக்டர் திரையில் வருவார், மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும், காசும் கிடையாது. எங்கள் அம்மா படி இறங்காமலே பிரஷர் மாத்திரையைத் தொடர்ந்தார். வயதானவர்கள் கூட்டத்தில் நின்று தொற்றை வாங்கி வருவதற்கு இது எவ்வளவோ மேல்.

உசிலம்பட்டி செல்வி:
உங்கள் வீட்டில் ஓடிபி பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது. எங்கள் தெருவில் பல வீட்டில் பட்டன் போன்தான். எங்களிடம் டச் போன் ஒன்றே ஒன்று, காலை முழுக்கத் தம்பி மகள் அதில் ஆன்லைன் வகுப்பில் இருப்பாள். எங்களுக்கு டோக்கன் கிடைத்ததும் அதே நேரத்தில்தான். அப்படியும் அவளிடம் போனை வாங்கி, சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறி, அப்பாவின் கால் புண்ணைக் காட்டினோம். விரல் இடுக்கில் இருந்தது. வெயிலில் படம் வெளுத்துப் போய்விட்டது. டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்: சீழ் வருகிறதா, வாடை அடிக்கிறதா, வலிக்கிறதா? சுகரில் காலின் உணர்ச்சியே போயிருந்தது. அப்பா "வலி இல்லை சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். போன் போதும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வைகைக்கரை:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. நான் மாத்திரை தொடர்வதைத்தான் சொன்னேன், புண்ணை அல்ல. 2020 மார்ச் 25-ல் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ விதிகளிலேயே, போனில் முடியாது என்று டாக்டருக்குப் பட்டால் நேரில் வரச் சொல்லலாம் என்று இருக்கிறது.

உசிலம்பட்டி செல்வி:
வரத்தான் சொன்னார். எதில் வருவது? பஸ் ஓடவில்லையே.

திருமங்கலம் நர்ஸ்:
நோயாளி பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமத்து மையங்களில் தொற்றுக்கு வெகு முன்பிருந்தே டாக்டர் திரையில்தான் பேசுகிறார். ஆனால் இந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணைச் சோதித்துப் படமும் எடுத்து அனுப்பியிருப்பார். கால் புண்ணுக்கும் அது முடியும். ஒரு நைலான் இழையை அது வளையும்வரை பாதத்தில் அழுத்தி, கண்ணை மூடச் சொல்லி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். கொஞ்ச நேர வேலை. அப்பா "வலி இல்லை" என்றதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்கு அப்போதே புரிந்திருக்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போய் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் வீடியோவையும் கொடுங்கள்.

மேலூர்க்காரன்:
தொற்று நேரத்தில் காய்ச்சல் முகாமுக்கும் அதே ஊழியர்களைத்தானே அனுப்புவார்கள்? முதலில் ஓபி சீட்டில் நேரம் எழுதிக் கொடுக்கட்டும். ஒன்பதரைக்குப் பத்துப் பேர், பத்தரைக்குப் பத்துப் பேர். ஓடிபி இல்லாமலே கூட்டம் குறையும்.

வைகைக்கரை:
அது சரி. ஆனால் ஊரடங்கில் பேரையூர்க்காரர் பத்தரைக்கு மதுரைக்கு எப்படி வருவார்?

உசிலம்பட்டி செல்வி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். கால் புண்ணுக்கு 108-ஐக் கூப்பிட எங்கள் பக்கம் தயங்குவார்கள். டாக்டர் "நேரில் வாங்க" என்றதும் அந்தச் சீட்டிலேயே வண்டிக்கும் ஏற்பாடு ஆகட்டும். அப்புறம் தெருக்காரர்களை போன் ஓபியில் நானே சேர்த்து விடுகிறேன்.