புதுப்பிப்பு: ஏழாம் வகுப்பில் இரட்டைப் பாடவேளை

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் நடுநிலைப் பள்ளியில், ஒரே பாடவேளைக்குள் பின்னங்களைக் கற்பிக்க முடியவில்லை என்று ஜூன் மாதம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் சொன்ன யோசனைப்படி, வாரம் இருமுறை கணக்குப் பாடவேளைகளை அடுத்தடுத்து அமைத்தோம். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் ஒவ்வொரு கல்லையும் நான்காகவும் எட்டாகவும் சாக்பீஸால் பிரிக்கச் செய்தபோது, எட்டில் இரண்டு பங்கு கால் பங்குக்குச் சமம் என்பதை மாணவர்களே கண்டுகொண்டார்கள். விதியாகச் சொல்லியிருந்தால் அது மனப்பாடமாகவே நின்றிருக்கும். பாடம் முடியும்போது ஆளுக்கொரு துண்டுத்தாளில் ஒரு கணக்கு எழுதித் தருகிறார்கள். பின்னங்களைக் கூட்டும்போது, தவறாகத் தொகுதியோடு (மேல் எண்) தொகுதியையும் பகுதியோடு (கீழ் எண்) பகுதியையும் கூட்டியவர்களை மறுநாள் தனிக் குழுவாக அமர்த்துகிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு எத்தனை அவசியமானது என்பது, தாள்களை அன்றே திருத்தும்போதுதான் முழுமையாகப் புரிகிறது. கால அட்டவணையில் இந்த இரட்டைப் பாடவேளை அறிவியல் பாடவேளையோடு மோதுவது மட்டும் இன்னும் தீரவில்லை.