ஏற்காட்டுத் தோட்டத்து வீட்டுக்குச் சோலார்: தடை எங்கே இருக்கிறது?

கேள்வி (நாகலூர், ஏற்காடு)

வணக்கம். எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டுக் கூரையில் 2 கிலோவாட் சோலார் பேனல் அமைக்க விரும்புகிறேன். வீட்டுக் கூரைச் சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இந்த அளவுக்கு 60,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் இரவு முழுவதும் இருட்டில் இருக்கிறோம். அந்தத் தொல்லை தீர வேண்டும் என்பதே என் முதல் நோக்கம். ஆனால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் இதற்கு முன்வரவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1 (சேலம், சோலார் அமைப்புப் பணி)

ஐயா, உங்கள் நோக்கத்துக்கும் அந்த மானியத்துக்கும் இடையிலேயே முதல் தடை இருக்கிறது. மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பம் ஏறுபவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியோடும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது. மலைவாசிகளுக்கு மிகவும் தேவையான பொருளையே திட்டம் விட்டுவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது நிழல். பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மேல் மரநிழல் விழுந்தாலும் வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும். காப்பிக்கு நிழல் தரும், மிளகுக்கொடி படர்ந்த மரத்தை வெட்டுங்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். எனவே ஒன்றின் நிழல் மற்றவற்றைப் பாதிக்காதபடி, பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் என்னும் சிறிய இன்வெர்ட்டரைப் பொருத்துங்கள். அல்லது காப்பி உலர்த்தும் களத்தின் ஓரம் வெயில் படும் இடமிருந்தால் அங்கே தாங்கி அமைப்பதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பதில் 2 (இளம்பிள்ளை, விசைத்தறி)

பணக்கணக்கும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு வீடுகளுக்கு 100 யூனிட், விசைத்தறிகளுக்கு 1,000 யூனிட் இலவசம். அந்த எல்லைக்குள் நிற்கும் குடும்பத்துக்குப் பேனல் வைத்தாலும் மின்கட்டணத்தில் மிச்சமாவது ஒன்றுமில்லை. இலவசத்தை நான் எதிர்க்கவில்லை, அதனால்தான் எங்கள் தறிகள் ஓடுகின்றன. ஆனால் அதைப் பெறுபவரும் கூரையில் விளையும் மின்சாரத்தால் நாலு காசு பார்க்கும்படி விதிகள் அமைய வேண்டும்.

பதில் 3 (ஏற்காடு, மலைக்கிராமம்)

எங்கள் ஊரில் விருப்பமுள்ளவர்களும் பெயர்ச் சிக்கலில் நின்றுவிடுகிறார்கள். மின் இணைப்பு காலமான தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். பேரன் விண்ணப்பித்தால் பெயர் பொருந்தாது. பெயர் மாற்ற வேண்டுமானால் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அலைய வேண்டும். ஆகவே பேனல் விலையை விசாரிப்பதற்கு முன், மின்கட்டண அட்டையில் இருப்பது யார் பெயர் என்று பார்த்துவிடுங்கள்.