கல்யாண வீட்டுக் குழு: சென்னை கிளம்புற வண்டிகள்

காலை 8:42
கார்த்தி: தாலி கட்டியாச்சு, டிபனும் ஆச்சு. 9:30க்கு நம்ம கார் மதுரையிலேருந்து கிளம்புது. ரெண்டு சீட் காலி. யார் வர்றீங்க?

8:43
சுந்தரம் சித்தப்பா: ஓட்டப்போறது யாரு?

8:43
கார்த்தி: நான்தான் சித்தப்பா.

8:45
சுந்தரம் சித்தப்பா: நேத்து காலைல 6க்கு எழுந்தவன் நீ. ராத்திரி பூரா பந்தி, பூ, பாத்திரம்னு நின்னே. 4:30 முகூர்த்தம். இப்போ சாவியைத் தொடாதே.

8:46
கார்த்தி: தெளிவாத்தான் இருக்கேன். தூக்கமே வரல.

8:49
கலா அத்தை: அதுதான் ஏமாத்துற நேரம். விடியக்காலை 3லேருந்து 6 வரைக்கும் உடம்பு ஒரேயடியா இறங்கும். வெளிச்சம் வந்ததும் உடம்புக் கடிகாரம் தூக்கிவிடும், 9, 10 மணிக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். தூங்காத பாக்கி தீரலடா. மத்தியானம் 2லேருந்து 4க்குள்ள மறுபடி இறங்கும். நல்லாத் தூங்கின நாள்லயே அந்த நேரம் அசத்தும். 2 மணிக்கு நீ எங்கே இருப்பே, பார்த்துக்கோ.

8:51
சுந்தரம் சித்தப்பா: உளுந்தூர்பேட்டைக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல. நேர் ரோடு, கியர் மாத்துற வேலைகூடக் கிடையாது. கை காலுக்கு வேலை இல்லாத ரோட்டுலதான் கண்ணு சொருகும். 100ல போற வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடும். 4 நொடி சொருகினா 110 மீட்டருக்கு வண்டியில டிரைவர் இல்லைன்னு அர்த்தம்.

8:53
வித்யா அக்கா: 1997ல ஆஸ்திரேலியாவுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 24 மணி நேரம் தூங்காதவங்க கவனம், 100 மி.லி. ரத்தத்துல 100 மி.கி. ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு மங்குது. நம்ம ஊர்ல 30 மி.கி. தாண்டினாலே கேஸ். உனக்கு 26 மணி நேரம் ஓடிடுச்சு.

8:54
கார்த்தி: பாட்டை சத்தமா வெச்சு, ஏசியைக் கூட்டி வெச்சு ஓட்டிடலாம்னு பார்த்தேன்.

8:55
சுந்தரம் சித்தப்பா: பாட்டு, ஏசி, ஜன்னல் காத்து, மூஞ்சி கழுவறது, சூயிங்கம் எல்லாம் கொஞ்ச நிமிஷத்துக்குத்தான். அப்புறம் முன்னைவிட மோசமா அமுக்கும். ஆக்டிங் டிரைவர் போட்டுக்கோ, அதுதான் முதல் வழி. கூப்பிடறப்ப ரேட்டுக்கு முன்னாடி ஒண்ணு கேளு: ராத்திரி வண்டி ஓட்டினாரா? முகூர்த்த நாள்ல அவங்களும் விடிய விடிய ஓட்டிட்டு வந்திருப்பாங்க.

8:59
கார்த்தி: இன்னைக்கு யாரும் கிடைக்கலேன்னா?

9:03
கலா அத்தை: மாடி ரூம்ல போய்ப் படு. மண்டபம் 3 மணிக்குத்தான் காலி பண்ணணும். தூக்கம் ஒரு சுத்து ஏறக்குறைய 90 நிமிஷம். ரெண்டு சுத்து கிடைச்சா நல்லது, 12:15க்கு அலாரம். முக்கா மணி, ஒரு மணி நேரத்துல எழுப்பிட்டா ஆழ்ந்த தூக்கத்துல மாட்டி தலை கனத்துக் கிடக்கும். கீழே நாதஸ்வரம் இன்னும் ஓயல, காதுல பஞ்சு வை, கண்ணு மேல துண்டைப் போடு. படுக்கறதுக்கு முன்னாடி காபி வேண்டாம்.

9:04
கார்த்தி: மூணு காபி ஏற்கெனவே உள்ளே போயாச்சு அத்தை.

9:05
கலா அத்தை: அப்போ தூக்கம் ஆழமா வராது, மேலோட்டமாத்தான் வரும். பரவாயில்ல, போனை வெச்சுட்டுப் படு. எழுந்த உடனே ஸ்டியரிங்ல உக்காராதே, கால் மணி நேரம் வெளிய நட. வெண்பொங்கல், நெய் மைசூர்பாகு மிச்சம் இருக்குன்னு பந்தியில உக்காந்துடாதே. ரெண்டு இட்லி இல்லேன்னா கொஞ்சம் மோர் சாதம். பாயசம் பார்சல்.

9:09
சுந்தரம் சித்தப்பா: 1 மணிக்குக் கிளம்பினா திருச்சி தாண்டி சமயபுரம் 3:30. அங்கே கட்டாயம் நிறுத்து. ஒரு டிகிரி காபியைக் குடிச்சுட்டு உடனே சீட்டைச் சாய்ச்சு 20 நிமிஷம் படு. காபி வேலை செய்ய 20, 30 நிமிஷம் ஆகும், எழுந்திருக்கறதும் காபி ஏறுறதும் சேர்ந்து வரும். நிறுத்தறது ஹோட்டல் மரத்தடியில. ரோட்டோரம் வேண்டவே வேண்டாம், பின்னாடி வர்ற லாரிக்காரனும் உன்னை மாதிரி முழிச்சவனா இருக்கலாம். மூடின இடத்துல இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதே, புகை உள்ளே வரும்.

9:12
வித்யா அக்கா: காபிக்கும் கணக்கு இருக்கு. ஐசிஎம்ஆர்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2024 வழிகாட்டியில டிகாக்‌ஷன் காபி 150 மி.லி.யில காஃபின் 80லேருந்து 120 மி.கி., ஒரு நாளைக்கு 300க்கு மேல வேண்டாம்னு இருக்கு. காலைல குடிச்ச மூணோட சமயபுரக் காபியும் சேர்ந்தா அதுவே தாண்டும். அதனால அதுதான் கடைசி. குடிச்சதுல பாதி உடம்பை விட்டுப் போகவே 5 மணி நேரம் ஆகும்.

9:15
பெரியப்பா: எனக்கு சுகர் இப்போ 240 காட்டுது. இன்னொரு மாத்திரை போடவா?

9:16
கலா அத்தை: வேண்டாம் அண்ணே. தூங்காத மறுநாள் சுகரும் பிபியும் கொஞ்சம் ஏறித்தான் காட்டும். டாக்டர் எழுதின டோஸை விட்டுடவும் கூடாது, கூட்டவும் கூடாது. தண்ணி குடிங்க. சாயங்காலம் மறுபடி பாருங்க, அப்பவும் இறங்கலேன்னா டாக்டருக்குப் போன் போடலாம். மாத்திரை போட்டுட்டு வண்டியில பட்டினி கிடக்காதீங்க, கையில குளுக்கோஸ் பிஸ்கட் இருக்கட்டும்.

9:18
கலா அத்தை: எல்லாருக்கும் இன்னொண்ணு. வண்டியில வாந்தி வரும்னு அவோமின், ஹோமப் புகைக்குத் தும்மல்னு அவில், செட்ரிசின் போடறவங்க பின் சீட்டுல உக்காருங்க. ஓட்டறவங்க மூணையும் தொடக்கூடாது.

9:21
சுந்தரம் சித்தப்பா: முக்கியமானதை மறந்துட்டோம். வேன் டிரைவர் எங்கே தூங்கினாரு?

9:22
வித்யா அக்கா: வேன்லயேதான். கொசு பிடுங்குதுன்னு 2 மணிக்கு டீக்கடையில நின்னாராம்.

9:24
சுந்தரம் சித்தப்பா: பதினெட்டு பேரை அவர் கையில குடுத்துட்டு, நம்ம கார்த்திக்கு மட்டும் ஏசி ரூமா? ரூம் 6 காலியாத்தான் இருக்கு. டிபன் குடுத்து, ஃபேன் போட்டுப் படுக்க வைங்க. வேனும் 1 மணிக்குத்தான். லேட்டாகுதுன்னு யாரும் அவரை எழுப்பக் கூடாது. கிளம்பினதும் முன் சீட்டுல முழிச்ச ஆள் ஒருத்தர் இருக்கணும். கொட்டாவி விடாம வர்றது, லேன் விட்டு நகர்றது, டோல்கேட் எப்போ தாண்டினோம்னு ஞாபகம் இல்லாம கேக்கறது, இதுல ஒண்ணு வந்தாலும் ஓரங்கட்டச் சொல்லணும்.

9:25
கார்த்தி: கொட்டாவி விடாம வர்றதா சித்தப்பா?

9:25
சுந்தரம் சித்தப்பா: விடாம கொட்டாவி வர்றது. எனக்கும் ராத்திரி தூக்கம் இல்லையே.

9:27
வித்யா அக்கா: நாளைக்குப் பசங்க ஸ்கூல் இருக்கே அத்தை?

9:29
கலா அத்தை: வண்டியில 5 மணிக்கு மேல தூங்கவிடாதே. வழக்கமா படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி படுக்க வை, போதும். பெரியவங்களுக்கும் அதேதான். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் தூங்கி ஈடுகட்டினா நாளை ராத்திரி தூக்கம் கெடும்.

9:30
சுந்தரம் சித்தப்பா: ரூம் 6 சாவி மேனேஜர்கிட்ட இல்ல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட இருக்கு. வித்யா, வாங்கிக் குடுத்துடும்மா. கார்த்தி, இன்னும் ஆன்லைன்ல என்ன பண்றே?